சூரிய மின் கொள்கை: சிறு விவசாயி கருத்துச் சொல்வது எப்படி?

மின்சாரம் பற்றிய புதிய கொள்கைகளையும் விதிகளையும் இறுதி செய்யும் முன், அவற்றின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் முறை இப்போது நடைமுறையில் உள்ளது. சூரிய சக்தி, காற்றாலை போன்ற தூய எரிசக்தி பற்றிய வரைவுகளும் இவ்வாறு வெளிவருகின்றன. வரைவு வந்தவுடன் காற்றாலை உரிமையாளர்களும், ஆலை முதலாளிகளும், சூரிய மின்நிலையம் அமைக்கும் கம்பெனிகளும் அதைப் பத்தி பத்தியாகப் படித்து, கணக்குப் போட்டு, கருத்து அனுப்புகிறார்கள். கிணற்றுப் பாசனம் செய்யும் சிறு விவசாயியிடமிருந்து கடிதம் வருவது குறைவு. ஆனால் அந்த வரைவில் உள்ள ஒரே ஒரு வரி, அவருடைய கிணற்றின் நீர்மட்டத்தையே நிர்ணயித்துவிடக் கூடும். அது எவ்வாறு என்பதும், சிறு விவசாயி தம் கருத்தை எப்படித் தயாரித்து அனுப்ப வேண்டும் என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

கொள்கை வேறு, ஆணை வேறு

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்து கொள்வது அவசியம். எரிசக்திக் கொள்கையை வெளியிடுவது மாநில அரசு. எத்தனை மெகாவாட் மின்சாரம் எந்த ஆண்டுக்குள் வேண்டும், யாருக்குச் சலுகை, எந்தத் துறை பொறுப்பு என்பவை அதில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு சூரிய மின் கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட் சூரிய மின்திறன் என்று இலக்கு வைத்தது. இதில் 40 சதவீதம் நுகர்வோர் தங்கள் இடத்திலேயே அமைத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

மின்சாரத்தின் விலையையும் விதிமுறைகளையும் நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். இது 1999-ல் அமைக்கப்பட்டது. விவசாயி விற்கும் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு என்ன விலை, எந்த மாதிரி மீட்டர், கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பவை ஆணையத்தின் உத்தரவில்தான் முடிவாகின்றன.

இரண்டிலும் பொதுமக்களின் உரிமை ஒரே மாதிரியானது அல்ல. மாநில அரசு கொள்கை வகுக்கும்போது கருத்துக் கேட்பது ஒரு நல்ல வழக்கம். ஆணையத்துக்கோ அது சட்டக் கடமை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 64-வது பிரிவின்படி, கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்கள் தரும் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். ஆணையம் விதிமுறை இயற்றும்போதும் வரைவை முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று 181-வது பிரிவு கூறுகிறது. ஆகவே வரைவு வந்தவுடன், இது அரசின் கொள்கையா, ஆணையத்தின் விதிமுறையா என்று பார்த்து, உரிய இடத்துக்கு எழுத வேண்டும்.

முன்பு நடந்தது என்ன?

மின்சாரம் பற்றித் தமிழக விவசாயிகள் கருத்துச் சொல்வது புதிதல்ல. 1970-லும் 1972-லும் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் வீதிக்கு வந்தனர். 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளில் நிறுத்தினர். அக்காலப் போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. பின்னர் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் உள்ளன.

அன்று கட்டணத்தைப் பற்றிச் சொல்வதற்கு விவசாயிக்குச் சட்டப்படியான ஒரு மேடை இல்லை. இன்று இருக்கிறது. 2022-ல் மின்கட்டண மாற்றத்துக்கு முன்பு கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஆணையம் நேரடியாகக் கருத்துக் கேட்டது. வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பெற வேண்டியிருந்த கவனத்தை, ஒரு தாளில் எழுதியும் பெற வழி உண்டு. ஆனால் அந்தத் தாளில் விஷயம் இருக்க வேண்டும்.

கொள்கை நிலையிலேயே ஏன் பேச வேண்டும்?

"நம் ஊருக்குத் திட்டம் வரும்போது பார்த்துக் கொள்ளலாம்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சூரிய மின்நிலையத்தைப் பொறுத்தவரை இது சரியல்ல. சுரங்கம், பெரிய தொழிற்சாலை போன்றவற்றுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவை. அதை ஒட்டி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்கும். ஒளிமின் தகடுகளால் இயங்கும் சூரிய மின்நிலையங்களுக்கு இந்த முன் அனுமதி தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனவே அந்த அறிவிக்கையின்படியான கருத்துக் கேட்பும் அவற்றுக்கு இல்லை.

புகையோ கழிவோ இல்லாத தொழில் என்பதால் இந்த விலக்கு தரப்பட்டது. ஆனால் நிலம் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் தேவைப்படுகிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர் பரப்பில் உள்ளது. வேலி போட்டபின் ஆடு மேய்ந்த இடம், வண்டிப் பாதை, மழைநீர் ஓடை ஆகியவை பற்றிப் பேசிப் பயன் குறைவு. பாதையும் ஓடையும் விடப்பட வேண்டும் என்பதைக் கொள்கையிலேயே எழுதி வைக்கச் செய்வதுதான் எளிது.

முதலில் அளந்து கொள்க

தமிழ்நாட்டில் பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எனவே ஒரு பம்புசெட் ஆண்டுக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது என்பது மதிப்பீடாகவே உள்ளது. எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது, கிணற்றில் நீர் எவ்வளவு இறங்குகிறது, பக்கத்துக் காட்டுக்கு நீர் விட்டால் மணிக்கு என்ன வாங்குகிறார்கள் என்பவை அந்த விவசாயிக்குத்தான் நன்றாகத் தெரியும். இதுவே சிறு விவசாயியின் பலம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கீழ்க்கண்ட நான்கு விவரங்களையும் குறித்து வர வேண்டும்.

1. மோட்டார் ஓடிய நேரம்: நாள்தோறும் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். பகலா, இரவா என்பதும் முக்கியம். சூரிய பம்பு பகலில் மட்டுமே ஓடும்.

2. நீரின் அளவு: 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 36 வினாடி ஆனால் மணிக்கு 20,000 லிட்டர் வருகிறது என்று பொருள். கோடையிலும் மழைக்காலத்திலும் ஒவ்வொரு முறை அளப்பது நல்லது.

3. கிணற்றின் நீர்மட்டம்: கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில், மோட்டார் போடும் முன் அளந்து குறிக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறானால் மோட்டார் இறக்கிய ஆழத்தையும், நீர் தடைப்பட்ட நாட்களையும் குறித்தால் போதும்.

4. மோட்டாரின் திறன்: மோட்டாரில் பொருத்திய தகட்டில் உள்ள குதிரைத்திறனை எழுதிக் கொள்ள வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் நல்ல நிலையில் மணிக்குச் சுமார் 4½ யூனிட் எடுக்கும். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் இதைவிட அதிகம் எடுக்கும்.

ஒரு பட்டம் முடியும் வரை குறித்தாலும் பயன் உண்டு. ஓராண்டு குறித்தால் அது வலுவான ஆதாரமாகும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் 5 குதிரைத்திறன் பம்புசெட்டும் உள்ள ஒரு விவசாயியை எடுத்துக் கொள்ளலாம். நிலக்கடலை, சின்ன வெங்காயம், சோளம் ஆகியவற்றுக்கு ஆண்டில் 160 நாள், நாளுக்கு 5 மணி நேரம் அவர் நீர் இறைக்கிறார். மொத்தம் 800 மணி நேரம். மணிக்கு 4½ யூனிட் வீதம் ஆண்டுக்கு 3,600 யூனிட் ஆகிறது.

இந்தப் பம்புசெட்டுக்கு 5 கிலோவாட் சூரியத் தகடுகள் பொருத்தி, மின் கம்பியோடும் இணைத்தால், கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரி 4 யூனிட் வீதம் 20 யூனிட் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும். மாசி, பங்குனியில் கூடும். ஆண்டு மொத்தம் 7,000 யூனிட் என்று வைத்துக் கொள்ளலாம். அவருடைய தேவை 3,600 போக மீதம் 3,400 யூனிட். இந்த மீதத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அவர் அதை மின் கம்பிக்கு விற்கலாம். யூனிட்டுக்கு 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,800 ரூபாய். 3 ரூபாய் என்றால் 10,200 ரூபாய். 4 ரூபாய் என்றால் 13,600 ரூபாய்.

விற்க வழி இல்லாவிட்டால், அல்லது விலை கட்டுப்படியாகாவிட்டால், அந்த மின்சாரத்தை வைத்து மேலும் நீர் இறைக்கலாம். 3,400 யூனிட்டுக்குச் சுமார் 750 மணி நேரம் மோட்டார் ஓடும். மணிக்கு 20,000 லிட்டர் வீதம் ஒன்றரைக் கோடி லிட்டர் நீர் மேலே வரும். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆகவே இது ஓர் ஏக்கருக்கு 75 முறை நீர் கட்டும் அளவு. சூரிய வெளிச்சத்துக்குக் காசு இல்லை. எனவே மோட்டாரை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. ஓர் ஊரில் ஐம்பது கிணறுகளில் இப்படி நடந்தால் நிலத்தடி நீர் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலில் வற்றுவது ஆழம் குறைந்த கிணறு. அது பெரும்பாலும் சிறு விவசாயியின் கிணறு.

விலை எவ்வளவு இருந்தால் விவசாயி மோட்டாரை நிறுத்திவிட்டு மின்சாரத்தை விற்பார்? இதற்கும் கணக்கு உண்டு. ஓர் ஊரில் பக்கத்துக் காட்டுக்கு நீர் விட மணிக்கு 36 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொண்டால், அதை 4½-ஆல் வகுக்க யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆகிறது. அந்த ஊரில் மின்சாரத்துக்கு 3 ரூபாய் கொடுத்தால், நீரை விற்பதே லாபம் என்றாகிவிடும். இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். விலை நிர்ணயிக்கும் அதிகாரியின் மேசையில் இந்த விவரம் இருக்காது. விவசாயி எழுதினால்தான் அது அங்கே போய்ச் சேரும்.

குஜராத்தின் அனுபவம்

மேலே சொன்னது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சிற்றூரின் விவசாயிகள் சிலர், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியுடன் சூரிய பம்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 2016 முதல் பாசனம் போக மீதமான மின்சாரத்தை மின் வினியோக நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் விற்றனர். நீர் மேலாண்மை நிறுவனம் அதற்கு மேல் ஊக்கத்தொகையும் கொடுத்தது. மின்சாரத்தையும் ஒரு விளைபொருளாக்கினால் நிலத்தடி நீரை வீணாக இறைக்கும் தூண்டுதல் குறையும் என்பதே இதன் அடிப்படை.

பின்னர் 2018-ல் குஜராத் அரசே 'சூரியசக்தி கிசான் யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதல் 7 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு மின் நிறுவனம் 3½ ரூபாயும் அரசு 3½ ரூபாயும் தருவதாகவும், அதன் பின்னர் 18 ஆண்டுகளுக்கு 3½ ரூபாய் மட்டும் கிடைப்பதாகவும் வகுக்கப்பட்டது. கடன் தீரும் வரை கூடுதல் விலை, பிறகு குறைந்த விலை என்பது ஏற்பாடு. எனவே வரைவில் விலையைப் பார்க்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு அந்த விலை, அதன் பின் என்ன விலை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரைவில் கவனிக்க வேண்டியவை

1. இலவச இணைப்பு: சூரிய பம்பு பெற்றால் இப்போதுள்ள இலவச மின் இணைப்பு நீடிக்குமா? இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போரின் மூப்புரிமை என்னவாகும்? வரைவில் இது பற்றி எதுவும் இல்லையென்றால், எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். வாய்மொழி உறுதி பின்னாளில் நிற்காது.

2. மீட்டர்: மின்சாரம் விற்க வேண்டுமானால் மீட்டர் இல்லாமல் முடியாது. அதே சமயம், இன்று மீட்டர் வந்தால் நாளை கட்டணம் வரும் என்ற அச்சம் விவசாயிகளிடம் உள்ளது. எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு கூறுவதால், இந்த அச்சத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது. மீட்டரை மறுத்தால் மின்சாரம் விற்கும் வருமானமும் போய்விடும். ஆகவே, மீட்டர் பொருத்துவதால் இலவச மின்சாரச் சலுகை பாதிக்கப்படாது என்ற வாசகத்தைச் சேர்க்கும்படி கேட்பது பயன் தரும்.

3. மான்யம்: 2019-ல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டத்தில் பம்பின் விலையில் மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் தர வகை செய்யப்பட்டது. மீதம் விவசாயியின் பங்கு. அந்தப் பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டுமா, கூட்டுறவு வங்கிக் கடன் உண்டா, ஒரு கிணற்றில் நான்கு பங்காளிகள் இருந்தால் விண்ணப்பம் யார் பெயரில் என்பவற்றை வரைவு கூற வேண்டும். கூட்டுப் பட்டா, பங்குக் கிணறு ஆகியவை சிறு விவசாயிகளிடையே சாதாரணம். இவற்றை மறந்துவிட்டு எழுதப்படும் விதியால் அவர்களே விடுபட்டுப் போவார்கள்.

4. பராமரிப்பு: குசும் திட்டத்தின் தனிச் சூரிய பம்புகளுக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு. ஆனால் பயிர் பூக்கும் பருவத்தில் பம்பு நின்று பத்து நாள் கழித்து ஆள் வந்தால் பயன் இல்லை. புகார் செய்த எத்தனை நாளுக்குள் சரி செய்ய வேண்டும், தவறினால் என்ன அபராதம், புயலுக்கும் திருட்டுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்க வேண்டும்.

5. நிலத்தடி நீர்: நீர் அதிகமாக எடுக்கப்பட்ட குறுவட்டங்களில் சொட்டு நீர், தெளிப்பு நீர்ப் பாசனத்தோடு சேர்த்தே சூரிய பம்பு தரப்படுமா என்று பார்க்க வேண்டும். தம் குறுவட்டம் எந்த வகைப்பாட்டில் உள்ளது என்பதையும் அறிந்து கொள்வது நல்லது.

6. குத்தகை: குசும் திட்டத்தின் முதல் பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களை, துணை மின்நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் உள்ள தரிசு நிலங்களில் அமைக்கலாம். விவசாயிகளே கூட்டாகவும் அமைக்கலாம். கம்பெனிக்குக் குத்தகைக்கும் விடலாம். மின் கொள்முதல் ஒப்பந்தம் 25 ஆண்டு ஓடும். அத்தனை ஆண்டுக்கும் ஒரே குத்தகைத் தொகையா, ஆண்டுதோறும் உயருமா, கம்பெனி கைமாறினால் யார் பொறுப்பு, முடிவில் கான்கிரீட்டையும் தகடுகளையும் அகற்றி நிலத்தை ஒப்படைப்பது யார் என்பவற்றைக் கேட்க வேண்டும்.

7. பொது நிலம்: மேய்ச்சல் நிலம், ஏரி, குளம், ஓடை, வண்டிப் பாதை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டா? ஊரில் சொந்த நிலமே இல்லாமல் ஆடு மாடு வளர்ப்போருக்கு இதுவே வாழ்வாதாரம்.

இந்த ஏழையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. தம் அனுபவத்தில் உள்ள இரண்டு மூன்றை மட்டும் தெளிவாக எழுதினால் போதுமானது.

எழுதும் முறை

"இந்தக் கொள்கை விவசாயிகளுக்கு விரோதமானது" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதை வைத்து எதையும் மாற்ற முடியாது. எந்தப் பத்தி, அதனால் தம் நிலத்தில் என்ன நேரும், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்ற மூன்றும் இருந்தால், பரிசீலிப்போர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாதிரிக்கு ஒரு கடிதம் கீழே தரப்படுகிறது.

"பொருள்: சூரிய மின் வரைவு பற்றிய கருத்து.

பத்தி எண் ......: பம்புசெட்டில் மீதமாகும் மின்சாரத்தின் விலை.

நான் இரண்டரை ஏக்கர் உள்ள சிறு விவசாயி. 5 குதிரைத்திறன் பம்புசெட் வைத்துள்ளேன். கடந்த ஓராண்டில் 800 மணி நேரம் நீர் இறைத்தேன். சித்திரையில் கிணற்றின் நீர்மட்டம் தைமாதத்தைவிட 14 அடி இறங்கியது. எங்கள் ஊரில் நீர் விட மணிக்கு 36 ரூபாய் வாங்குகிறார்கள். இது யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆகிறது. வரைவில் உள்ள விலைக்கு மின்சாரத்தை விற்பதைவிட நீரை விற்பதே லாபம் என்று ஆகும். அதனால் நீர்மட்டம் மேலும் இறங்கும்.

ஆகவே, கடன் தீரும் வரையாவது கூடுதல் விலை தரவும், கணக்கை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முடித்துப் பணத்தை வங்கியில் செலுத்தவும் வகை செய்யும்படி கேட்டுக் கொள்கிறேன். நேரடிக் கருத்துக் கேட்பில் பேசவும் விரும்புகிறேன்."

இதில் உள்ள எண்கள் மாதிரிக்கு மட்டுமே. ஒவ்வொருவரும் தம் நோட்டில் உள்ள எண்களையே எழுத வேண்டும். அச்சடித்த ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் தம் தம் கிணற்றுக் கணக்கை எழுதினால் பத்து ஆதாரங்கள் ஆகும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழே தமிழ்நாட்டின் ஆட்சிமொழி. வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ் வரைவு வேண்டும் என்பதையே முதல் கருத்தாக எழுதலாம். வரைவுகள் பெரும்பாலும் இணையதளத்தில் வெளியாவதால், இ-சேவை மையத்திலோ, படித்த பிள்ளைகள் மூலமோ அச்செடுத்துக் கொள்ள வேண்டும். கடைசித் தேதியை முதலில் பார்க்க வேண்டும். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதையும், கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்த வேண்டும்.

யாருக்கு அனுப்புவது?

விலை, மீட்டர், கணக்கு முறை பற்றிய வரைவுகளுக்குச் சென்னையில் உள்ள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் செயலாளருக்கு எழுத வேண்டும். அரசின் கொள்கை என்றால், எந்தத் துறை வரைவை வெளியிட்டதோ அந்தத் துறைக்கு எழுத வேண்டும். 2024-ல் மின் வாரிய நிறுவனங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. முன்பு எரிசக்தி மேம்பாட்டு முகமை கவனித்த பணிகள் இப்போது தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்திடம் உள்ளன. எனவே பழைய விலாசத்தை நம்பாமல், வரைவிலேயே கொடுத்துள்ள விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். சூரிய பம்பு மான்யம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளரிடம் விவரம் பெறலாம்.

தனியாக எழுதத் தயங்குவோர் கிராம சபையைப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் கிராம சபைக்கு உரியவையாகச் சேர்க்கப்பட்டன. மேய்ச்சல் நிலம், ஓடை, பாதை பற்றிய கருத்துகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலைக் கடிதத்துடன் இணைத்தால் வலு கூடும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் நகலைக் கொடுத்து வைக்கலாம்.

அனுப்பிய பின்

கடிதத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆணையத்தின் கட்டண உத்தரவுகளில், பொதுமக்கள் கூறிய ஆட்சேபணைகள், மின் நிறுவனத்தின் பதில், ஆணையத்தின் முடிவு ஆகியவை எழுதப்படுகின்றன. தாம் சொன்ன விஷயம் அதில் வந்துள்ளதா, என்ன பதில் தரப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், அடுத்த வரைவின்போது அதையே சுட்டிக்காட்டி எழுதலாம்.

அரசின் கொள்கையைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-வது பிரிவு கூறுகிறது. எத்தனை கருத்துகள் வந்தன, விவசாயிகளிடமிருந்து வந்தவை எத்தனை, எவை ஏற்கப்பட்டன என்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்து கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எழுதியதெல்லாம் ஏற்கப்பட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. மின் நிறுவனத்தின் நஷ்டம், அரசின் நிதிநிலை ஆகியவற்றையும் ஆணையம் கருத்தில் கொள்ளும். ஆனால் கம்பெனிகளின் கணக்கு மட்டுமே கோப்பில் இருந்தால், முடிவு அந்தக் கணக்கின்படியே அமையும். கிணற்றின் கணக்கும் அதே கோப்பில் இருந்தால், அதைத் தள்ளுவதற்காவது ஒரு காரணம் எழுத வேண்டி வரும். அந்தக் காரணத்தை வைத்து விவசாயி மறுபடி வாதாடலாம்.

அடுத்த வரைவு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். வந்தபின் கருத்துக் கூறக் கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் ஓராண்டுக் கணக்கைத் தயாரிக்க முடியாது. வரும் முதல் தேதியிலேயே கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றை அளந்து, நோட்டில் முதல் வரியை எழுதிவிடுவது நல்லது. மின்சாரக் கொள்கைக்கு இல்லாவிட்டாலும், எந்தப் பட்டத்தில் எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் வைக்கலாம் என்று முடிவு செய்ய அந்த நோட்டு நிச்சயம் உதவும்.